ஒத்த விரல்ல ஆறாத நகம், கருப்பே இல்ல, ஆனா ரிப்போர்ட்ல மெலனோமான்னு வந்திருக்கு. யாருக்காச்சும் விவரம் தெரியுமா?

கானாடுகாத்தான் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க. எங்க மாமா, அம்மா கூடப் பொறந்தவுக, கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யிறவுக, வயசு 58. சோத்துக்கை கட்டைவிரல் நகம் நடுவுல ரெண்டா வெடிச்சு அந்த வெடிப்புக்குள்ள இருந்து செக்கச்செவேல்னு ஒரு சதை எட்டிப் பாக்குது. சின்ன வெங்காயம் உரிக்கயில லேசா பட்டாலே ரத்தம், இல்லாட்டி எந்நேரமும் ஒரு ஈரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா வலி பெருசா இல்லைங்கிறாக. ஈரத்துலயே நிக்கிற கை, நகச்சுத்துதான்னு எலுமிச்சம்பழத்தைக் குடைஞ்சு விரல்ல செருகி வச்சாக. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரில நகத்துல பூஞ்சைன்னு மாத்திரை, மாசக்கணக்கா சாப்பிட்டாச்சு. இன்னொரு இடத்துல நகத்தைப் பிடுங்கி சதையைச் சுட்டு விட்டாங்க, சுட்டதைத் தூக்கிப் போட்டுட்டாங்க, லேபுக்கு அனுப்பல. மறுபடி அதே சதை அதே இடத்துல வந்துருச்சு. இப்ப மதுரைல ஒரு தோல் டாக்டரம்மா பாத்த உடனே சின்னதா ஒரு துண்டு எடுத்து அனுப்புனாக, ரிப்போர்ட்ல "மெலனோமா"ன்னு வந்திருக்கு, ஒரு வகைப் புத்துநோயாம். எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே கேள்விதான், மெலனோமான்னா கருப்பா இருக்கணும்ல? மாமாவுக்கு ஒரு பொட்டு கருப்பு கூட இல்லையே. வேற யாரோட ரிப்போர்ட்டாவது மாறி வந்துருச்சா? மாமா அதையே பிடிச்சுக்கிட்டு ஆபரேஷனுக்கு வரமாட்டேங்கிறாக.

கோட்டையூர் ஆச்சி:
ஐயோ பாவமே. கைத்தொழில் பண்ற மனுசன். கத்தி வச்சா அது பரவிடும்னு சொல்லுவாகளே அதான் எனக்குப் பயமா இருக்கு. எதுக்கும் அவசரப்படாம ரெண்டு பேரைக் கேளுங்க கண்ணு. நாங்கல்லாம் நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழந்தான் வச்சோம், ரெண்டு நாளுல அமுங்கிரும்.

லேப்காரன்:
ரிப்போர்ட் மாறிருச்சான்னு கேட்டதுக்கு மட்டும் சொல்றேன், நான் பயாப்ஸி லேப்ல, அதாவது ஒடம்புல இருந்து எடுத்த துண்டைச் சோதிக்கிற லேப்ல டெக்னீஷியன். ரிப்போர்ட்டோட முதல் பாராவைப் படிச்சுப் பாருங்க, வந்த துண்டு எத்தனை செ.மீ., என்ன நிறம், எந்த விரல், வலதா இடதான்னு எழுதியிருக்கும். டாக்டரம்மா எடுத்த துண்டு அந்த அளவுதானான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கலாம். அடுத்தது, அந்தத் துண்டை மெழுகுல பதிச்சு ஒரு சின்ன கட்டி மாதிரி வச்சிருப்போம், அதுக்குப் பேரு பிளாக். அது மேல ஒரு நம்பர் இருக்கும், ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணா இருக்கணும். பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் நீங்க எழுதிக் கேட்டு வாங்கி வேற லேப்ல குடுத்து ரெண்டாவது கருத்து வாங்கலாம், இது ஊர் உலகத்துல எல்லாரும் செய்றதுதான், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கருப்பே இல்லாத மெலனோமாவுல சாதாரண சாயத்துல பாத்தா செல்லு எதுன்னு சட்டுனு பிடிபடாது, அதனால எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ, சாக்ஸ்-10ன்னு தனி சாயம் போட்டுப் பாப்போம். ரிப்போர்ட்ல அந்தப் பேரு எதாவது இருக்கா?

கானாடுகாத்தான் பொண்ணு:
இருக்குங்கண்ணே! எஸ்-100 பாசிட்டிவ், மெலன்-ஏ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. வலது கட்டைவிரல்னும் இருக்கு.

தோல் டாக்டர்:
பாசிட்டிவ்னா அந்தச் சாயம் பிடிச்சிருக்கு, விரலும் ஒத்துப்போகுது, அப்ப அது உங்க மாமாவோடதுதான்னு நெனைக்கிறேன்மா, இருந்தாலும் லேப்காரர் சொன்ன மாதிரி ரெண்டாவது கருத்து வாங்குங்க, அவுக மனசு ஏத்துக்கிறதுக்காகவாவது. நான் தேவகோட்டைக்காரன், இப்ப வெளியூர்ல தோல் டாக்டரா இருக்கேன்.

மெலனோமாங்கிறது நிறம் குடுக்கிற செல்லுல வர்ற புத்துநோய். ஆனா புத்தா மாறுன செல்லு சாயத்தைத் தயாரிக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. நகத்துக்கடியில வர்றதுல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு சாயமே இல்லாம, செவப்பா இல்ல தோல் நிறத்துல வரும். பாக்குறதுக்கு அப்படியே ஆறாத புண்ணுச்சதை மாதிரி, உள்ள வளர்ற நகம் மாதிரி, நகச்சுத்து மாதிரி இருக்கும். லண்டன் சர்ஜன் ஜோனதன் ஹட்சின்சன் 1886லயே இந்த நோயை நகச்சுத்தோட சேத்துத்தான் எழுதி வச்சாரு, ஓரத்துல மெல்லிசா ஒரு கருப்பு விளிம்பு தெரியும்னும் சொன்னாரு. அதனால செவப்புச் சதையா இருந்தாலும் நாங்க டெர்மாஸ்கோப்ங்கிற லென்ஸை வச்சு அதைச் சுத்தி எங்கயாவது ஒரு துளி காப்பிக்கலர் இருக்கான்னு தேடுவோம். சில சமயம் அதுவும் இருக்காது. அப்ப பயாப்ஸி ஒண்ணுதான் வழி.

முதல்ல பாத்தவங்க பூஞ்சைன்னு நெனச்சது பெரிய குத்தமில்ல, சமையல்காரங்க கைல பூஞ்சையும் நகச்சுத்தும் நெறையா வரும். ஆனா மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி நகத்தைச் சொரண்டி டெஸ்ட் பண்ணியிருக்கணும், அதை விட முக்கியமா வெட்டி எடுத்த சதையைக் குப்பைல போட்டிருக்கக் கூடாது. நகத்தடியில இருந்து வெட்டுன எதுவா இருந்தாலும் லேபுக்குப் போகணும். எனக்கு இதுல ரொம்பக் கோவம் உண்டு.

செக்காலை ரோடு:
டாக்டர் சார் தப்பா எடுத்துக்காதீங்க, இப்படி எழுதுனா நாளைக்கு ஊர்ல நகத்துல கோடு விழுந்த அத்தனை பேரும் கேன்சர்னு பயந்து பிரைவேட் ஆஸ்பத்திரில போயி பணத்தைக் கொட்டுவாங்க. எனக்கே ரெண்டு கட்டைவிரல்லயும், ஆள்காட்டி விரல்லயும் வருசக்கணக்கா காப்பிக்கலர் கோடு இருக்கு, எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, அவரு 84 வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு.

தோல் டாக்டர்:
நீங்க சொல்றது ரொம்பச் சரி சார். நம்மள மாதிரி மாநிறம், கருப்பு நிறத்துக்காரங்களுக்கு நகத்துல கோடு விழறது சகஜம், பல விரல்ல இருந்தா பெரும்பாலும் ஒண்ணுமே இல்ல. ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்கள்ல வயசாக ஆக கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துரும். பி-12 சத்து குறைஞ்சாலும் வரும், ஹைட்ராக்ஸியூரியா மாதிரி மாத்திரை, கீமோ மருந்து இதுலயும் வரும். உங்களுக்கு இருக்கிறதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்லைன்னுதான் தோணுது, இருந்தாலும் நேர்ல பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன்.

நாங்க சந்தேகப்படுறது எப்பன்னா: ஒத்த விரல், அதுலயும் கட்டைவிரல் இல்ல கால் பெருவிரல். வயசு அம்பதைத் தாண்டி புதுசா வந்த கோடு. 3 மி.மீ.க்கு மேல அகலம், ஓரம் கலங்கலா, ஒரே கோட்டுக்குள்ள பல நிறம். வேகமா மாறுறது. நகத்தோட நிக்காம நகக்கண்ணுத் தோலுக்கும் கருப்பு பரவுறது, இதைத்தான் ஹட்சின்சன் அடையாளம்னு சொல்லுவோம். குடும்பத்துல யாருக்காவது மெலனோமா இருந்தது. இதோட முக்கியமா ஒண்ணு, மருந்து போட்டும் கேக்காதது.

கோடு எப்படி விழுதுன்னு புரிஞ்சா பயம் கொறையும். நகம் தயாராகுற இடம் நகக்கண்ணுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கு, மேட்ரிக்ஸ்னு பேரு. தேங்குழல் அச்சுல ஒரு ஓட்டைல பிசிறு ஒட்டிக்கிச்சுன்னா பிழியப் பிழிய முழு நீளத்துக்கும் ஒரு கோடு ஓடும்ல, அது மாதிரி மேட்ரிக்ஸ்ல ஒரு இடத்துல செல்லு சாயம் விட்டா நகம் வளர வளர கோடாவே வரும். அந்த இடம் பெருசாகிட்டே இருந்தா கோடு நுனில ஒல்லியாவும் அடில அகலமாவும், முக்கோணமா தெரியும். அப்படி இருந்தா தள்ளிப்போடாதீங்க.

ஆத்தங்குடி பூக்கல்லு:
டாக்டர் ஐயா நாங்க கல்லு வார்க்கிற ஆளுக, கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்டு ஊத்துறது, செவப்பு பச்சை மஞ்சள் எல்லாம் நகத்துல ஏறிக் கெடக்கும், வருசம் முழுக்க எங்க நகம் எங்க நகமாவே இருக்காது. எங்க பட்டறைல ஒரு அண்ணனுக்கு கட்டைவிரல் நகம் முழுக்க கருஞ்செவப்பா இருக்கு, அது கலரா இல்ல வேறயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தோல் டாக்டர்:
நல்ல கேள்வி தம்பி. வெளிய இருந்து ஒட்டுன சாயம்னா பிளேடால லேசா சொரண்டுனா போகும் (நீங்க சொரண்டாதீங்க, டாக்டரைச் சொரண்டச் சொல்லுங்க). அப்புறம் அதோட அடிப்பக்க விளிம்பு நகக்கண்ணு வளைவு எப்படி இருக்கோ அப்படியே வளைஞ்சிருக்கும், ஏன்னா தோலு மூடியிருந்த எடத்துல கலர் ஏறியிருக்காது. ஒரு ரெண்டு மாசம் கையுறை போட்டு வேலை செஞ்சா அடில புது நகம் வெள்ளையா வெளிய வரும். மருதாணி, தலைச்சாயம் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். உள்ள இருந்து வர்ற கோடு நகக்கண்ணுக்கு அடில இருந்தே கிளம்பும், கையுறை போட்டாலும் போகாது.

கோட்டையூர் ஆச்சி:
எங்க வீட்டு அய்யாவுக்குக் கால் பெருவிரல்ல அம்மிக்கல்லு விழுந்து நகம் கருப்பாகி அப்படியே கெடக்கு தம்பி, அதுவும் அதுவா இருக்குமோன்னு இதைப் படிச்சதுல இருந்து தூக்கம் வல்ல.

தோல் டாக்டர்:
ஆச்சி, அடிபட்டு ரத்தம் கட்டுனதுன்னா நகத்தோட சேந்து முன்னாடி நகரும். கை நகம் மாசத்துக்கு 3 மி.மீ. வாக்குல வளரும், கால் நகம் அதுல பாதிதான், பெருவிரல் நகம் முழுசா மாற ஒரு வருசத்துக்கு மேல ஆகும். அதனால கருப்பு அப்படியே கெடக்கேன்னு உடனே பயப்படாதீங்க. கருப்போட அடி விளிம்பு இப்ப எங்க இருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொண்ணு. அடில சுத்தமான நகம் தெரிஞ்சு கருப்பு முன்னாடி போயிருந்தா ரத்தக்கட்டுதான். நகராம அங்கயே நின்னாலோ, அடிபட்ட ஞாபகமே இல்லாம வந்திருந்தாலோ காட்டிருங்க.

அடிபட்டதுன்னு விட்டுட்டுப் போனதுக்கு உலகம் அறிஞ்ச உதாரணம் பாப் மார்லி, ஜமைக்கா பாட்டுக்காரர். கால் பெருவிரல் நகத்தடியில இருந்ததை ஃபுட்பால் ஆடுனப்ப பட்ட காயம்னு நெனச்சாங்க, 1977ல மெலனோமான்னு தெரிஞ்சுது, 1981 மே மாசம் 36 வயசுல இறந்துட்டாரு. அவரு விரலை எடுக்க ஒத்துக்கல. வெயில்னால வர்ற நோய் இது இல்லைங்கிறதையும் இதோட சொல்லிர்றேன், வெள்ளக்காரங்களுக்குத் தோல்ல வர்ற மெலனோமாவுக்கு வெயிலு பெரிய காரணம், உள்ளங்கால், நகத்தடி எல்லாம் அந்தக் கணக்குல வராது.

மூலிகை வைத்தியம் 77:
நகப்புற்று உட்பட அனைத்துக்கும் எங்களிடம் தைலம் உண்டு, கத்தி இல்லை ரத்தம் இல்லை, இன்பாக்ஸ் வரவும்.

மட்டுறுத்துனர்:
மேல உள்ள ஐடி தடை செய்யப்பட்டது. இந்த இழைல விளம்பரம் போட்டா எச்சரிக்கையே கிடையாது, நேரா தடைதான்.

புதுவயல் ரைஸ்மில்:
எனக்கு நடுவிரல் நகத்துக்கு ஓரத்துல பாலுண்ணி மாதிரி சொரசொரன்னு ஒண்ணு, பல வருசமா. ஐஸ் வச்சுச் சுட்டாக ஆசிட் வச்சாக, போயிட்டுப் போயிட்டு வருது. இப்ப நகம் ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு அடில இருந்து மாவு மாவா உதிருது. கருப்பு இல்ல செவப்பும் இல்ல. இதுவும் இந்த லிஸ்ட்ல வருமாங்க?

தோல் டாக்டர்:
வரும் அண்ணே, இந்த இழைல எல்லாரும் மெலனோமாவையே பேசுறோம், ஆனா நகத்துல வர்ற புத்துநோய்ல அதிகமா வர்றது நீங்க சொன்ன மாதிரி வர்றதுதான். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தோலோட மேலடுக்குச் செல்லுல வர்ற புத்துநோய், அதோட ஆரம்பக் கட்டத்துக்கு போவன் நோய்னு பேரு. ரொம்ப மெதுவா வளரும், பாலுண்ணின்னோ பூஞ்சைன்னோ எக்ஸிமான்னோ வருசக்கணக்கா வைத்தியம் நடக்கும். பாலுண்ணி வரவைக்கிற வைரஸ் குடும்பத்துல ஒண்ணான எச்பிவி-16ஓட இதுக்கு நெறைய தொடர்பு உண்டு. பாலுண்ணி எல்லாம் இதா ஆயிரும்னு அர்த்தம் இல்ல, ஆனா நடுவயசுக்காரருக்கு ஒத்த விரல்ல வந்த பாலுண்ணி சுட்டும் சுட்டும் திரும்பி வந்தா இனிமே சுடக் கூடாது, துண்டு எடுத்துப் பாக்கணும். எலும்பு அரிச்சிருக்கான்னு விரலுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுப்பாங்க. மெலனோமா அளவுக்கு வேகமா பரவாது, சீக்கிரம் பிடிச்சா விரலைக் காப்பாத்திட்டு இதை மட்டும் எடுத்துரலாம். இந்த வாரமே போங்க, அடுத்த சீசன் நெல்லு முடியட்டும்னு உக்காந்துராதீங்க.

செக்காலை ரோடு:
என் மச்சினிக்கு மோதிரவிரல் நகத்துல ஐஸ் தண்ணி பட்டா உயிரே போற மாதிரி வலி, வெளிய ஒண்ணும் தெரியல லேசா நீலம் மட்டும். அதுவுமா?

தோல் டாக்டர்:
குளிர் பட்டா உயிர் போற வலி, ஒரு புள்ளில தொட்டா துள்ளுறதுன்னா குளோமஸ் கட்டியா இருக்கலாம் சார், அது புத்துநோய் இல்ல, ஆபரேஷன் பண்ணி எடுத்தா வலி போயிரும். புத்துநோய்ங்க பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது, பொண்ணோட மாமா சொன்ன மாதிரி.

கானாடுகாத்தான் பொண்ணு:
டாக்டர், ஆச்சி சொன்ன அதே பேச்சுதான் மாமாவும் பேசுறாக. துண்டு எடுத்ததுனாலதான் இப்ப பரவப்போகுதுன்னு பயம். கட்டைவிரல் போச்சுன்னா கரண்டி எப்படிப் பிடிக்கிறது, பிடிக்காத கைக்கு யாரு கல்யாண ஆர்டர் குடுப்பான்னு கேக்குறாக, எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

தோல் டாக்டர்:
பயாப்ஸினால பரவாது. விரலோட அடில ரெண்டு பக்கமும் மரத்துப்போற ஊசி போடுவோம், ஊசி போடும்போது நல்லா வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், அப்புறம் ஒண்ணும் தெரியாது. நகத்தைத் தூக்கிட்டு அடில இருந்து சின்ன துண்டு. நகம் பின்னால கொஞ்சம் வெடிச்சு வளரலாம், அதுதான் பக்கவிளைவு. பரவுறது காலம் கடத்துறதுனால. துண்டு எடுத்த பின்னாடி நோய் இருந்ததைத் தெரிஞ்சுக்கிறதுனால "எடுத்த பொறகுதான் வந்துச்சு"ன்னு ஊர்ல ஒரு கணக்கு, அவ்வளவுதான் ஆச்சி.

விரலைப் பத்தி: ரிப்போர்ட்ல ப்ரெஸ்லோ தடிமன்னு, அதாவது நோய் எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிற ஒரு எண்ணு இருக்கான்னு பாருங்க. நோய் தோலோட மேல் அடுக்குலயே நின்னிருந்தா இப்பல்லாம் விரலை வெட்டுறதில்ல, நகத்தையும் நகப்படுகையையும் எலும்பு வரைக்கும் எடுத்துட்டு வேற இடத்துத் தோலை வச்சு ஒட்டிருவாங்க. ஆழமா போயிருந்தா கட்டைவிரல்ல கடைசிக் கணுவோட எடுக்க வேண்டி வரலாம். அப்படி எடுத்தாலும் மிச்ச விரல் இருக்கும், பழகுனா கரண்டி பிடிக்கலாம், ஆனா மொதல்ல மாதிரி இருக்கும்னு சொல்லி ஆளைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அப்புறம் உங்களை நம்ப மாட்டாக. தடிமன் 1 மி.மீ. தாண்டுனா நோய் பரவுனா மொதல்ல போய்ச் சேர்ற இடமான, அக்குள்ல இருக்கிற முதல் நெறிகட்டியையும் எடுத்துப் பாப்பாங்க. பரவியிருந்தாலும் இப்ப பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப்னு எதிர்ப்புசக்தி மருந்து இருக்கு, இந்த வகைல அது வேலை செய்யிறது தோல் மெலனோமா அளவுக்கு இல்ல, ஆனாலும் இருக்கு.

லேப்காரன்:
செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா புத்துநோய் ஆபரேஷன் அதுல வரும். அட்டை இல்லேன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டர்ல ரேஷன் கார்டு, வருமானச் சான்றோட போயி கேளுங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில காட்டலாம், மெட்ராஸ் போக முடிஞ்சா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். எங்க போனாலும் பிளாக்கைக் கைல கொண்டு போங்க, பஸ்ல ஜன்னலோரம் வெயில்ல வைக்காதீங்க, மெழுகு இளகிரும்.

கானாடுகாத்தான் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்டேட்: பிளாக்கை வாங்கி வேற லேப்ல குடுத்தோம், அங்கயும் அதேதான், சாயம் இல்லாத மெலனோமான்னே எழுதியிருக்காக. தடிமன் 1.4 மி.மீ. மாமா அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தாக, அப்புறம் அவுகளே போன் போட்டு ஆவணி முகூர்த்த ஆர்டரைத் தம்பிக்கு மாத்தி விட்டாக. அக்குள்ல ஸ்கேன் முடிஞ்சிருச்சு, நெறிகட்டி பெருசா தெரியலையாம், ஆபரேஷன் அப்பவே அந்த முதல் நெறிகட்டியையும் எடுத்துப் பாக்குறோம்னு சொல்லியிருக்காக. கடைசிக் கணு வரைக்கும் எடுக்கணுமாம்.

புதுவயல் ரைஸ்மில்:
நல்லபடியா முடியும் தங்கச்சி. நானும் துண்டு குடுத்துட்டு வந்துட்டேன், ரிசல்ட் இன்னும் வரல.

கோட்டையூர் ஆச்சி:
நல்லது நடக்கும் கண்ணு. டாக்டர் தம்பி இன்னொண்ணு, எம் பேத்திக்கு எட்டு வயசு, சுண்டுவிரல் நகத்துல பேனாவுல கோடு போட்ட மாதிரி கருப்பா ஒண்ணு. அவ ஆத்தா நகப்பாலிஷ் போட்டு மறைச்சு விடுறா.

தோல் டாக்டர்:
சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற கோடு பெரும்பாலும் மச்சந்தான் ஆச்சி, பிள்ளைகளுக்கு நகத்துல மெலனோமா வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். வருசத்துக்கு ஒருதடவை போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுனா போதும். வரும்போது பாலிஷை அழிச்சுட்டு வரச் சொல்லுங்க, ஜெல் பாலிஷ்னா முந்துன நாளே எடுத்துரணும், கிளினிக்ல வச்சு எடுக்க எங்களால முடியாது.